கோடை பண்பலையும் ஆம்ஸ்ட்ராங்கும்: மலை மறைவில் 100.5 பிடிக்கும் வழி

கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில், 10 கிலோவாட் சக்தியில் வருகிறது கோடை பண்பலை. மதுரை, திண்டுக்கல், தேனி, கரூர், திருச்சி என்று சமவெளியில் கையடக்க செட்டிலும் விழுகிற ஒலி, அதே பழனி மலையில் ஒரு மேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் கரகரக்கும். தூரத்தில் இருப்பவருக்குக் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு ஏன் கேட்கவில்லை என்று கேட்டால், "பவர் பத்தலை, பூஸ்டர் போடுங்க" என்பார்கள். அந்தப் பதில் தவறு. சக்தியைக் கூட்டி இரைச்சலை வெல்ல முடியாது என்பதை 1930-களிலேயே செய்துகாட்டியவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங். அகலமான பண்பலை அவர் உருவாக்கியது. அவர் என்ன செய்தார் என்று தெரிந்தால், ஆன்டெனாவை எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது, எதில் காசு செலவழிக்கக்கூடாது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். அதனால் இந்தப் பதிவில் முதல் பாதி அவர், மறுபாதி ஆன்டெனா.

ஆம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பிறகு குடும்பம் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் யாங்கர்ஸ் ஊருக்குப் போனது. இளம் வயதிலேயே வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரத்துக்கு ஆன்டெனாக் கம்பம் எழுப்பி, தானே ஏறி வேலை செய்தவர் அவர். உயரத்தின் மேல் அவருக்கு இருந்த பிடிப்பு கடைசிவரை போகவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் பூப்பினிடம் மின்பொறியியல் படித்து 1913-ல் பட்டம் பெற்றார்.

முதல் கண்டுபிடிப்பு மாணவராக இருந்தபோதே, 1912-ல் வந்தது. அன்றைக்கு லீ டி ஃபாரெஸ்ட் என்ற கண்டுபிடிப்பாளரின் ஆடியான் வால்வு (மின் அலையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) சந்தையில் இருந்தது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது யாருக்கும் சரியாக விளங்கியிருக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் அதை அளந்து பார்த்தார். வால்வின் பிளேட்டில், அதாவது வெளிவரும் முனையில், பெருகி வரும் அலையில் ஒரு பகுதியை, ஒரு சிறு காயில் (கம்பிச் சுருள்) வழியாக மறுபடி உள்ளே நுழையும் முனையான கிரிட்டுக்கே திருப்பிவிட்டார். பெருகியது மறுபடி பெருகியது. ஒரே வால்வில் ஆயிரம் மடங்கு பெருக்கம் கிடைத்தது. கடல் கடந்த நிலையங்கள் காதில் விழுந்தன. திருப்பிவிடும் அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் அந்த வால்வு தானே அலையை உற்பத்தி செய்யும் என்பதையும் அவர் கவனித்தார். ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் ஒரே சுற்றிலிருந்து பிறந்த இடம் அது. இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர்.

இன்றைக்கும் இந்தச் சுற்றை ஒரே டிரான்சிஸ்டரில் கட்டுபவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பிவிடும் குமிழை எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். தாண்டினால் விசில் அடிக்கும். அப்போது உங்கள் ரிசீவர் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டராக மாறி, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கெடுத்துக்கொண்டிருக்கும். பண்பலைக்கு என்று விற்கும் ஒற்றை டிரான்சிஸ்டர் கிட்களிலும் இதே கோளாறு உண்டு. ஆன்டெனாவுக்கும் அந்தச் சுற்றுக்கும் நடுவே இன்னொரு டிரான்சிஸ்டர் நிலை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ரீஜெனரேஷனுக்குக் காப்புரிமை எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டார். படிப்பை முடி, பிறகு பார்க்கலாம் என்று அவர் மறுத்துவிட்டார். 1913 ஜனவரி 31 அன்று சுற்றின் படத்தை மட்டும் நோட்டரியிடம் சான்று வாங்கி வைத்துக்கொண்டார். விண்ணப்பம் அக்டோபரில்தான் போனது. காப்புரிமை 1914 அக்டோபர் 6 அன்று கிடைத்தது. இதை டி ஃபாரெஸ்ட் எதிர்த்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1934-ல் டி ஃபாரெஸ்ட் பக்கம் முடிந்தது. தீர்ப்பு சட்டப்படி இறுதிதான், ஆனால் பொறியாளர்கள் அதை ஏற்கவில்லை. ரேடியோ பொறியாளர் கழகம் தனக்கு முன்பு அளித்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க ஆம்ஸ்ட்ராங் வந்தபோது, கழகம் அதை வாங்க மறுத்து, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று உறுதி செய்தது. நுட்பம் அறிந்தவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் பாரிஸில் வேலை பார்த்தபோது, 1918-ல், இரண்டாவது கண்டுபிடிப்பு. எதிரி விமானத்தின் எஞ்சின் ஸ்பார்க்கிலிருந்து வரும் மிகச் சிறிய அலைகளைப் பிடிக்க முடியுமா என்று யோசித்தவர், அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணை அன்றைய வால்வுகளால் பெருக்க முடியாது என்று கண்டார். அதனால் வரும் அலையோடு ரிசீவருக்குள்ளேயே உற்பத்தியாகும் இன்னொரு அலையைக் கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துப் பெருக்கினார். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் வித்தியாசம் ஒன்றேதான். பெருக்கும் பகுதியை அந்த ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் கச்சிதமாக அமைத்தால் போதும். இதுதான் சூப்பர்ஹெட்ரோடைன். மத்திய அலை செட்டில் அந்த இடைநிலை அதிர்வெண் பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ், பண்பலை செட்டில் 10.7 மெகாஹெர்ட்ஸ். கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது. நீலகிரியில் முத்தோரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும், விண்ணிலிருந்து வரும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையை இதே முறையில் கீழிறக்கித்தான் பெருக்குகிறது.

1922-ல் சூப்பர் ரீஜெனரேஷன், முதல் சுற்றையே இன்னும் அதிகமாகப் பெருக்கும்படி மாற்றியது. இதை ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க ரேடியோ நிறுவனம் 2,00,000 டாலருக்கும் 60,000 பங்குகளுக்கும் வாங்கியது. அதோடு ஆம்ஸ்ட்ராங் பணக்காரர் ஆனார். இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் கேட் ரிமோட் ரிசீவர்களில் பல இந்தச் சுற்றுதான்.

இந்தப் பணத்தை அவர் ஓய்வுக்குச் செலவழிக்கவில்லை. அவரையும் பூப்பினையும் ஆண்டுக்கணக்கில் வதைத்த ஒரே கேள்வி, இடி மின்னல் நேரத்தில் ரேடியோவில் வரும் கரகரப்பை எப்படி ஒழிப்பது என்பது. அன்றைய ஒலிபரப்பு எல்லாம் அலையின் உயரத்தை ஏற்றி இறக்கி ஒலியைச் சுமக்கும் முறை. மின்னலும் ஸ்பார்க்கும் செய்வதும் அதே வேலைதான்: அலையின் உயரத்தை ஏற்றி இறக்குவது. ஒலி எது, இரைச்சல் எது என்று ரிசீவருக்குத் தெரிய வழியே இல்லை. நிலையத்தின் சக்தியைக் கூட்டுவது ஒன்றே மருந்து என்று எல்லோரும் நம்பினார்கள்.

அலையின் உயரத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணை மாற்றி ஒலியைச் சுமக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. ஆனால் 1922-ல் ஜான் கார்சன் என்ற கணித வல்லுநர், இதனால் ஒரு நன்மையும் இல்லை என்று எழுதிவிட்டார். அவர் கணக்கில் பிழை இல்லை. குறுகிய அகலத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தார். ஆம்ஸ்ட்ராங் நேர் எதிராகப் போனார். அலையை மிக அகலமாக ஆட்டினார். இன்றைய பண்பலையில் அந்த ஆட்டம் மையத்திலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ். ரிசீவரில் லிமிட்டர் என்று ஒரு நிலையைச் சேர்த்து, அலையின் உயரத்தில் வரும் ஏற்ற இறக்கம் முழுவதையும் வெட்டி எறிந்தார். இரைச்சல் பெரும்பகுதி அந்த வெட்டில் போய்விடும். ஒலி போகாது, ஏனென்றால் ஒலி அங்கே இல்லை.

எவ்வளவு லாபம் என்று கணக்கிடலாம். 75 கிலோஹெர்ட்ஸ் ஆட்டத்தை, சுமக்க வேண்டிய ஒலியின் உச்ச அதிர்வெண்ணான 15 கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் 5. இதன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் 75. அதாவது, பழைய முறையோடு ஒப்பிட்டால் ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 75 மடங்கு, டெசிபெல்லில் (எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் அளவை) ஏறக்குறைய 19, கூடுகிறது. நிலையத்தின் சக்தியில் ஒரு வாட் கூடக் கூட்டாமல். இதற்கு ஒரு விலை உண்டு. ரிசீவருக்கு வரும் அலை, அங்கே இருக்கும் இரைச்சலைவிட 10, 12 டெசிபெல்லாவது மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் லாபம் மொத்தமும் ஒரேயடியாகச் சரிந்துவிடும். மத்திய அலை செட்டில் நிலையம் மெல்ல மெல்ல மங்கும். பண்பலையில் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இரைச்சலில் மூழ்கும். மலை மறைவில் இருக்கும் வீடுகள் பெரும்பாலும் இந்த விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் ஆன்டெனாவில் மூன்று நான்கு டெசிபெல் கூட்டினாலே இருட்டில் விளக்குப் போட்டதுபோல் ஒலி தெளிகிறது.

காப்புரிமைகள் 1933 டிசம்பர் 26 அன்று கிடைத்தன. 1934-ல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து சோதனை ஒலிபரப்பு; 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி லாங் ஐலண்டில் தெளிவாகக் கேட்டது. ஒரே அலையில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சேர்த்து அனுப்பியும் காட்டினார். 1935 நவம்பரில் பொறியாளர்கள் முன் பகிரங்கமாகச் செய்து காட்டினார். ஆர்.சி.ஏ. அப்போது தொலைக்காட்சியில் பணத்தைப் போட்டிருந்தது. பண்பலையில் அக்கறை காட்டவில்லை. ஆம்ஸ்ட்ராங் தன் சொந்தப் பணத்தில், ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள பாலிசேட்ஸ் பாறை உச்சியில், ஆல்பைன் என்ற ஊரில் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரத்தைக் கட்டினார். 1939-ல் 42.8 மெகாஹெர்ட்ஸில் அது முழு சக்தியோடு ஒலிபரப்பியது.

அவர் இடம் தேர்ந்தெடுத்த விதத்தைப் பாருங்கள். இந்த அதிர்வெண்களில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நிலத்திலிருந்து ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரம் என்பதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். சமவெளிக்கு மேலே சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலுக்குக் கணக்குப் போட்டால் 180 கிலோமீட்டர். கோடை பண்பலை இத்தனை மாவட்டங்களில் விழுவதற்குக் காரணம் 10 கிலோவாட்டைவிட அந்த 1,900 மீட்டர்தான். மதுரைக்குப் பார்வை நேர். மேட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் பார்வை இல்லை. தூரத்தைவிடப் பார்வைதான் இங்கே முக்கியம்.

ஆம்ஸ்ட்ராங்கின் பின்வாழ்வை நீட்ட மனமில்லை. இரண்டாம் உலகப் போரில் தன் பண்பலைக் காப்புரிமைகளைக் கட்டணமின்றி ராணுவத்துக்குத் தந்தார். 1945-ல் அமெரிக்க அரசு பண்பலையை 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 88-க்கு மேலே மாற்றியது. அதுவரை விற்ற செட்டுகள் எல்லாம் பயனற்றுப் போயின. 1948-ல் ஆர்.சி.ஏ. மேல் காப்புரிமை வழக்குத் தொடுத்தார். வழக்கு இழுத்தது, பணம் கரைந்தது, குடும்பம் உடைந்தது. 1954 ஜனவரி 31 இரவு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் வழக்குகளை விடவில்லை. ஆர்.சி.ஏ. அதே ஆண்டு சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது; மற்ற நிறுவனங்களோடு தொடர்ந்து போராடி, 1967-ல் கடைசி வழக்கையும் வென்றார். அந்த உறுதியைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேசவேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஆல்பைன் கோபுரம் இன்றும் நிற்கிறது. 2001-ல் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்து நியூயார்க் தொலைக்காட்சி நிலையங்கள் ஆன்டெனாவை இழந்தபோது, பல நிலையங்களுக்கு இடம் கொடுத்தது அந்தக் கோபுரம்தான்.

இனி நம் மலைக்கு வருவோம்.

ஆன்டெனா கட்டுதல்

100.5 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 2.98 மீட்டர். மூன்று கம்பி யாகி ஆன்டெனா (பழைய மாடி டிவி ஆன்டெனா போல ஒரு திசையைப் பார்த்து அலையைப் பிடிப்பது) ஒன்று பெரும்பாலான மறைவு வீடுகளுக்குப் போதும். பின்னால் அலையைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் 145 சென்டிமீட்டர், நடுவில் கேபிள் சேரும் டைபோல் 140, முன்னால் அலையைக் குவிக்கும் டைரக்டர் 135. ஒவ்வொன்றுக்கும் இடையே 60 சென்டிமீட்டர். ரிஃப்ளெக்டரும் டைரக்டரும் 10 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய். எல்லாவற்றையும் தாங்கும் தண்டுக்கு 1.25 மீட்டர் நீளத்தில் 32 மில்லிமீட்டர் கனமான பிவிசி பைப் எடுங்கள். மெல்லிய வயரிங் பைப் மலை வெயிலில் இரண்டொரு வருடத்தில் நொறுங்கும். மரச்சட்டம் வேண்டாம்; இந்த ஈரத்தில் ஊறி வளையும். தண்டு உலோகமாக இருந்தால் கம்பி நீளங்களை மாற்றிக் கணக்கிட வேண்டியிருக்கும், பிவிசியில் அந்தத் தொல்லை இல்லை.

டைபோலை மட்டும் அலுமினியத்தில் செய்யாதீர்கள். எர்த்துக்குப் பயன்படும் 8 கேஜ் செம்புக் கம்பி 3 மீட்டர் வாங்கி, நீள்வட்டமாக மடியுங்கள்: முனைக்கு முனை 140 சென்டிமீட்டர், மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் நடுவே 5 சென்டிமீட்டர், கீழ்க் கம்பியின் நடுவில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் இடைவெளி. கேபிள் சேரும் இடம் அந்த இடைவெளி. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும், சில மாதங்களில் இணைப்பே இருக்காது. ரிஃப்ளெக்டரிலும் டைரக்டரிலும் மின் இணைப்பே கிடையாது என்பதால் அங்கே அலுமினியம் தைரியமாக வைக்கலாம்.

கேபிள் ஆர்ஜி-6, கேபிள் டிவிக்கு இழுக்கிற அதே 75 ஓம் ஒயர். 100 மீட்டருக்கு 6, 7 டெசிபெல் இழப்பு என்பதால் 20 மீட்டர் இழுத்தாலும் கவலையில்லை. இங்கே ஒரு பொறி உண்டு: விலை குறைந்த ஆர்ஜி-6-ல் வெளிப்பின்னல் அலுமினியம். அதில் சாதாரண ஈயம் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரியும், பிறகு விட்டுவிடும். உள்கம்பியை மட்டும் செம்பில் சால்டர் செய்து, பின்னலை பித்தளை லக்கில் இறுக்கி நசுக்கி, ஸ்டெயின்லெஸ் திருகு, வாஷரோடு முடுக்குங்கள். மேலே வாசலின் தடவி, சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடி, டப்பாவின் அடியில் ஒரு துளை விடுங்கள். துளை வேண்டும்: உள்ளே குளிர்ந்து சேரும் நீர் வடிய வழி இல்லாவிட்டால் டப்பா தொட்டி ஆகிவிடும்.

தனியாக இருக்கும் மடித்த டைபோல் 300 ஓம். பக்கத்தில் மற்ற இரண்டு கம்பிகள் வந்ததும் அது வெகுவாகக் குறைகிறது, அதனால் 75 ஓம் கேபிளை நேராகச் சேர்க்கலாம். கேட்பதற்கு மட்டும் என்றால் மிச்சமுள்ள பொருத்தமின்மை ஒரு பொருட்டில்லை. ஆனால் கேபிளின் வெளிப்பின்னல் தானே ஆன்டெனாவாக வேலை செய்து வீட்டு இரைச்சலை மேலே கொண்டுபோகும். அதைத் தடுக்க, டைபோலை ஒட்டி கேபிளில் மூன்று நான்கு ஃபெரைட் கிளிப் மாட்டுங்கள். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் ஒயரில் குண்டாக இருக்குமே, அந்தப் பொருள்தான்.

முதலில் கம்பிகள் தரைக்குப் படுக்கையாக இருக்கும்படி வைத்துப் பாருங்கள், பிறகு நிமிர்த்திப் பாருங்கள். மலை மறைவில் அலை பாறையில் பட்டுத் திரும்பி வரும்போது எது நன்றாக விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிமிர்த்தி வைப்பதானால் இரும்புக் கம்பம் கம்பிகளுக்கு இணையாக வந்துவிடும், அவற்றின் வேலையைக் கெடுக்கும். அப்போது தண்டை ரிஃப்ளெக்டருக்குப் பின்பக்கம் பிடிக்க வேண்டும். தண்டும் அதற்கேற்ப அரை மீட்டர் நீளமாக இருக்கட்டும்.

எங்கே வைப்பது

மேட்டை ஒட்டிய சரிவில் வீடு இருந்தால் அங்கே நிழல் மிக அடர்த்தி. அலை மேட்டின் விளிம்பில் கொஞ்சம் வளைந்து இறங்கும். ஆனால் மேட்டிலிருந்து தள்ளிப் போகப் போகத்தான் அது தரையைத் தொடும். தோட்டத்தின் எதிர்க்கோடியில், நிலையத்திலிருந்து இன்னும் தூரமாக இருக்கும் இடத்தில் ஒலி கூடுதலாக விழுவது இதனால்தான். கம்பத்தை உயர்த்த முடியாவிட்டால் முதலில் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டாவது யோசனை, ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். உங்களுக்கு எதிரே, நிலையத்தைப் பார்த்து நிற்கும் பெரிய பாறைமுகம் இருந்தால் அதன் பக்கம் திருப்புங்கள். நேர் அலை மறைந்திருக்கும் இடத்தில் பாறை திருப்பி அனுப்பும் அலை பலமாக இருக்கும்.

நேர் அலையும் பாறை அலையும் இரண்டும் சம பலத்தில் வந்தால்தான் கஷ்டம். 3 கிலோமீட்டர் சுற்றி வரும் அலை 10 மைக்ரோசெகண்ட் தாமதமாக வரும். பேச்சில் 'ச', 'ஷ' ஒலிகள் கிழிந்து கேட்கும். சத்தம் குறைவு என்று நினைத்து இதற்கும் பூஸ்டர் மாட்டுகிறார்கள். பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே பெருக்கும், கிழிசல் அப்படியே இருக்கும். பண்பலை ரிசீவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: இரண்டு அலைகளில் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். அதனால் ஒன்றைச் சற்றே பலமாக்கினால் போதும். எதிரெதிர்த் திசையிலிருந்து வரும் அலைகளின் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி 75 சென்டிமீட்டர்தான். கம்பத்தை அரை மீட்டர், முக்கால் மீட்டர் என்று நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். யாகியின் முதுகைப் பாறைப் பக்கம் காட்டினாலும் அந்த அலை குறையும். நிலையம் ஸ்டீரியோவில் வந்து செட்டில் மோனோ ஸ்விட்ச் இருந்தால், பலவீனமான இடத்தில் மோனோவுக்கு மாற்றுங்கள். கரகரப்பில் பெரும்பகுதி உடனே அடங்கும்.

பனிமூட்டம் வந்தால் பண்பலை போய்விடும் என்று மலையில் பலர் சொல்வார்கள். மூன்று மீட்டர் நீள அலைக்குப் பனித்துளி ஒரு தடையே அல்ல. பனி நாளில் ஒலி குறைந்தால் கனெக்டரில் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். வெளியே, கேபிள் நுனியில் திருகியிருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சையோ வெள்ளைப் பொடியோ இருந்தால் கேபிளின் அந்த நுனியில் அரை மீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், பின்னல் வழியாக நீர் உள்ளே ஏறியிருக்கும். கேபிள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஆனால் ஈரமான மரங்கள் வேறு விஷயம்: ஆன்டெனாவுக்கு முன்னால் அடர்ந்து நிற்கும் யூகலிப்டஸ், பைன் தோப்பு நனைந்தால் அலை குறையத்தான் செய்யும். கம்பத்தை மர உச்சிக்கு மேல் கொண்டுபோவது நடக்காது; தோப்பின் ஓரத்துக்கு நகர்த்துங்கள்.

கரகரப்பு சீராக, நொடிக்கு ஒருமுறை 'டிக், டிக்' என்று வந்தால் அது சோலார் வேலி. காட்டெருமைக்கும் பன்றிக்கும் போட்டிருக்கும் மின்வேலியில் செடி உரசி ஸ்பார்க் அடிக்கிறது. மத்திய அலை செட்டில் இதைத் தாங்க முடியாது. பண்பலையில் இது கேட்கிறது என்றால் உங்களுக்கு வரும் அலை அந்த 10, 12 டெசிபெல் விளிம்புக்குக் கீழே இருக்கிறது, ஆம்ஸ்ட்ராங்கின் லிமிட்டர் வேலை செய்யப் போதிய அலை இல்லை என்று பொருள். வேலியையும் சுத்தம் செய்யுங்கள், ஆன்டெனாவையும் கவனியுங்கள். தொடர்ந்து 'ஸ்ஸ்' என்று வந்தால் வீட்டு எல்இடி பல்புகளையும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான பல்பு ஒன்றே போதும் வீடு முழுவதும் கெடுக்க.

கம்பத்துக்கு எர்த் கட்டாயம். சித்திரை, வைகாசி இடிமழையும் ஐப்பசி மழையும் மலை உச்சிகளைத்தான் முதலில் தேடும். பாறைத் தரையில் எர்த் ராடு இறங்காத இடத்தில் செம்புப் பட்டையைக் கிடையாக மண்ணில் பல மீட்டர் ஓட்டிப் புதையுங்கள். இடி கேட்டதும் கேபிளைக் கழற்ற நினைப்பது தாமதம். மேகம் கூடும்போதே கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். இழுவைக் கம்பிகளைக் காட்டெருமை நடக்கும் தடத்தில் கட்டாதீர்கள். குரங்குகள் டைரக்டரில் தொங்கும். குழாயின் நடுவே, பிவிசிக்குள் வரும் பகுதியில் ஒரு மரக்குச்சியைச் செருகி வைத்தால் எளிதில் மடங்காது.

நிலையத்துக்கு மிக அருகே, பார்வை நேராக இருக்கும் வீடுகளுக்குப் பிரச்சினை தலைகீழ். அங்கே அலை அளவுக்கு மீறி வருகிறது. 76-லிருந்து 108 வரை எண் போட்ட பழைய வகை செட் இருந்தால் 79.1-ல் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் கோடை பண்பலை பாடும். அந்த எண்ணில் இன்னொரு நிலையம் இல்லை. செட்டுக்குள் கலப்பு அலையை உற்பத்தி செய்யும் ஆசிலேட்டர் 79.1-க்கு மேலே 10.7, அதாவது 89.8-ல் ஓடுகிறது, 100.5-லிருந்து அதைக் கழித்தாலும் 10.7-தான். சூப்பர்ஹெட்ரோடைனுக்கு வித்தியாசம் மட்டுமே தெரியும், மேலேயா கீழேயா என்று தெரியாது. முன்னால் இருக்கும் டியூனிங் சுருள் நன்றாக இருந்தால் இதை வடிகட்டும். மலிவு செட்டில் அது பெயருக்குத்தான் இருக்கும். இதே அளவுமீறலால் மற்ற நிலையங்களின் மேலும் 100.5 ஏறி ஒலிக்கும். இங்கே பூஸ்டர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வெளி ஆன்டெனா வைத்திருந்தால் கேபிளுக்கும் செட்டுக்கும் நடுவே 10 டெசிபெல் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வையுங்கள். கேபிள் டிவிக்காரர்களிடம் கிடைக்கும். இல்லையென்றால் மூன்று ரெசிஸ்டரில் செய்துகொள்ளலாம்: உள்கம்பியில் தொடராக 100 ஓம், அதன் இரு முனைகளிலிருந்தும் பின்னலுக்கு 150 ஓம் ஒவ்வொன்று. கால் வாட் போதும், கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டுங்கள். ஒரு நிலை போதவில்லை என்றால் இதேபோல் இன்னொன்றைத் தொடராகச் சேர்க்கலாம். வெறும் கம்பி ஆன்டெனா மட்டும் உள்ள செட் என்றால் கம்பியை முழுவதும் இழுக்காமல் மடக்கியே கேளுங்கள்.